டொமிட்டாவைக் கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்வது எப்படி

ஜப்பானிய இசையமைப்பாளர் இசாவோ டொமிட்டாவின் ‘ஸ்னோஃப்ளேக்ஸ் ஆர் டான்ஸிங்’ ஆல்பத்தை யாருக்குப் போட்டுக் காட்டினாலும் இரண்டாவது உருப்படி முடிவதற்குள் ஒரு கருத்து வந்து விழுந்துவிடும். “என்னங்க இது, பொம்மைக் கடைச் சத்தம்” என்பார் ஒருவர். “வேற லெவல்” என்பார் பக்கத்தில் இருப்பவர். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மின்சாரத்தில் சத்தத்தை உண்டாக்கும் சிந்தசைசரில் செய்த எந்த ஆல்பத்தின் மேல் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்கிற கருத்துகள் இவை.

நான் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிப்பவன். கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, கட்சி மாநாடு என்று மேடை எதுவானாலும் ஒரு பட்டனைத் தட்டினால் புல்லாங்குழல், இன்னொன்றைத் தட்டினால் வயலின் என்று பிழைப்பு ஓடுகிறது. பட்டனே இல்லாத காலத்தில் ஒவ்வொரு டோனையும் ஒயர் மாட்டி உண்டாக்கிய ஆள் மேல் எனக்கு மரியாதை வந்ததில் அதிசயம் இல்லை. மாடி அறையில் நண்பர்களைக் கூட்டி இந்த ஆல்பத்தைப் போடுவது என் வழக்கம். எப்படிக் கேட்டால் உருப்படியான கருத்து பிறக்கிறது என்று எனக்குப் பிடிபட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆள் யார், சரக்கு என்ன என்பதைப் பார்த்துவிடலாம். டொமிட்டா 1932இல் டோக்கியோவில் பிறந்தவர், 2016இல் காலமானார். கெய்யோ பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது கலை வரலாறு. ஜப்பானின் என்.எச்.கே. ஒலிபரப்புக்கும், படங்களுக்கும், ஒசாமு தெசுகாவின் வெள்ளைச் சிங்கக்குட்டி கார்ட்டூன் தொடருக்கும் இசையமைத்துப் பேர் வாங்கிய பிறகுதான் சிந்தசைசர் பக்கம் வந்தார். 1968இல் வெண்டி கார்லோஸ், ஜெர்மன் இசைமேதை பாக்கின் இசையை மூக் என்ற சிந்தசைசரில் வாசித்து வெளியிட்ட ஆல்பம் டொமிட்டாவைக் கிளப்பிவிட்டது. 1971இல் அமெரிக்காவிலிருந்து ஒரு மூக் வரவழைத்தார். ஒயரும் திருகியுமாக ஒரு அலமாரி வந்து இறங்கியதைப் பார்த்த சுங்க அதிகாரிகள் அதை இசைக்கருவி என்று நம்பவில்லை. ராணுவச் சாமானோ என்று சந்தேகப்பட்டார்கள். ராக் கீபோர்டுக்காரர் கீத் எமர்சன் மேடையில் அதை வாசிக்கும் படத்தைக் காட்டித்தான் மீட்க வேண்டியிருந்தது.

அந்த அலமாரியில் அவர் செய்ததுதான் 1974இல் வந்த இந்த ஆல்பம். கிளாட் டெபுஸி என்ற பிரெஞ்சுக்காரர் பியானோவுக்கு எழுதிய பத்து சிறு உருப்படிகள், மொத்தம் நாற்பது நிமிடம். ஜப்பானிய கம்பெனிகளுக்கு இதைக் கடையில் எந்த அலமாரியில் வைப்பது, கிளாசிக்கலா, பாப் இசையா என்று விளங்கவில்லை. கடைசியில் ஆர்சிஏ என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் கிளாசிக்கல் பிரிவான ரெட் ஸீல் வழியாக அமெரிக்காவில் வெளிவந்து, நான்கு கிராமி பரிந்துரைகள் வாங்கியது. ஜப்பானில் அதற்குப் பெயர் ‘ட்சுகி நோ ஹிகாரி’, அதாவது நிலவொளி. எந்த அலமாரி என்ற குழப்பம் இன்றைக்கும் தீரவில்லை. பாதிக் கருத்துகள் அந்தக் குழப்பத்திலிருந்துதான் பிறக்கின்றன.

முதலில் பியானோ

ஆல்பத்தைத் தொடாதீர்கள். டெபுஸியின் மூன்று உருப்படிகளைப் பியானோவில் கேளுங்கள்: கிளேர் டு லூன், தங்கநிறக் கூந்தல் பெண், மூழ்கிய தேவாலயம். வால்டர் கீஸகிங் வாசித்த பழைய ஒலிப்பதிவுகள் சுலபமாகக் கிடைக்கும். வேறு யார் வாசித்தாலும் சரிதான். பத்தையும் கேட்க வேண்டியதில்லை. மூன்றை இரண்டு தடவை கேட்பது பத்தை ஒரு தடவை கேட்பதைவிட நல்லது.

எதற்காக இந்த வேலை? பியானோவில் ஒரு கட்டையைத் தட்டினால் அந்த நொடியிலிருந்தே சத்தம் தேய ஆரம்பித்துவிடுகிறது. விரலை எடுக்காமல் வைத்திருந்தாலும், பெடலை மிதித்துக்கொண்டு இருந்தாலும், தட்டிய பிறகு அதைப் பெரிதாக்க வழியே இல்லை. டெபுஸி இந்தத் தேய்வைக் கணக்கில் வைத்து எழுதியவர். ஒரு சுரக் கொத்தைத் தட்டிவிட்டு அது கரைவதைக் கேட்க நேரம் கொடுப்பார். சிந்தசைசருக்குத் தேயவேண்டிய கட்டாயம் இல்லை. தட்டிய பிறகு வீங்கலாம், நடுங்கலாம், இடமிருந்து வலம் நகரலாம், நிறம் மாறலாம். டொமிட்டா இந்த ஆல்பம் முழுக்கச் செய்திருப்பது தேய்கிற சத்தத்துக்கு மூச்சு கொடுத்ததுதான். மூச்சு கொடுத்த இடத்தில் உருப்படிக்கு என்ன ஆயிற்று? சொல்லவேண்டிய கருத்து இதற்கான பதில். பியானோவைக் கேட்காதவருக்கு இந்தக் கேள்வியே எழாது.

மூழ்கிய தேவாலயத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை. டெபுஸியே வாசித்து, துளைக் காகிதச் சுருளில் பதிவான ஒரு வடிவம் இருக்கிறது. தானாக வாசிக்கும் பியானோவுக்காக அந்தக் காலத்தில் வெல்ட்டே நிறுவனம் எடுத்தது. அதில் அவர் சில பகுதிகளை அச்சிட்ட தாளில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் வாசிக்கிறார். எழுதியவர் கையிலேயே வேகம் இப்படி இருக்கும்போது, “டொமிட்டா இழுத்துவிட்டார்” என்று சொல்லுமுன் எந்தப் பியானோக்காரரோடு ஒப்பிடுகிறோம் என்று யோசிக்கவேண்டும்.

அறை, ஸ்பீக்கர், மின்விசிறி

கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசவே கூடாது. இது சத்தங்கள் நகரும் ஆல்பம். டொமிட்டா சின்ன வயதில் அப்பாவோடு சீனாவில் இருந்தபோது பெய்ஜிங் சொர்க்கக் கோயிலின் எதிரொலிச் சுவரில் கேட்ட அனுபவத்தைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதும் இசையில் சேர்த்தி என்ற எண்ணம் அவரை விடவே இல்லை. இந்த ஆல்பமும் நான்கு ஸ்பீக்கருக்காகத் தனி வடிவத்தில் வெளிவந்தது. நம்மிடம் பெரும்பாலும் இருப்பது அதைச் சுருக்கிய ஸ்டீரியோ. அதையும் ஒற்றைப் புள்ளியில் கேட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

இரண்டு ஸ்பீக்கரை எதிரே வைத்து நடுவில் உட்காருங்கள். வசதி இல்லையென்றால் ஒயர் உள்ள சாதாரண ஹெட்போன் போதும். ஹெட்போனில் இட வல நகர்வு நன்றாகத் தெரியும், தூரம் தெரியாது. ஸ்பீக்கரில் கொஞ்சம் நேர்மாறு. பேஸ் பூஸ்ட், சரவுண்ட், த்ரீடி என்று கருவியில் எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். அவர் கஷ்டப்பட்டு வைத்த இடைவெளியை ஒரு சிப் வந்து கலைத்துவிடும்.

மின்விசிறியையும் நிறுத்துங்கள். மே மாதத்தில் கொடுமைதான். ஆனால் கடைசி உருப்படியான பனியில் காலடிகளில் காற்றுச் சத்தம் போல ஒன்று வந்து போகும். விசிறி ஓடினால் எது விசிறி, எது டொமிட்டா என்று தெரியாது. எங்கள் அறையில் கேட்ட ஒருவர் “ரெக்கார்டிங்ல இரைச்சல் இருக்கு” என்றார். கொஞ்சம் நாடா இரைச்சல் உண்மையிலேயே உண்டு, ஆனால் அவர் சொன்னது விசிறியை.

எதில் தொடங்குவது

ஆல்பம் பனித்துகள் நடனத்தில் தொடங்குகிறது. நான் அங்கே தொடங்குவதில்லை. இரண்டு நிமிடம் கண்ணாடி மணிகள் கலகலவென்று ஓடிப்போகும். காது பழகாதவருக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. பொம்மைக் கடை என்ற கருத்து பிறக்கும் இடம் அதுதான்.

முதல் அரபெஸ்க்கில் தொடங்குங்கள். நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், மெட்டு தெளிவாக இருக்கும், மனிதர் விசிலடிப்பது போன்ற டொமிட்டாவின் புகழ்பெற்ற டோன் எப்படிப்பட்டது என்று பிடிபடும். அமெரிக்கர்கள் எழுதும் கருத்துகளில் நட்சத்திரம், வானம், ராத்திரி என்று திரும்பத் திரும்ப வருவதற்கும் இந்த உருப்படியே காரணம். வானத்தில் இன்றைக்கு என்ன தெரியும் என்று சொல்லும் ஜாக் ஹார்க்கைமரின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு இதுதான் பல வருடம் அடையாள இசை. அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த மெட்டு கேட்டாலே வானம் தெரியும். நமக்கு அந்த நினைவு இல்லை, அதனால் அந்தக் கருத்தை இரவல் வாங்க வேண்டாம்.

அடுத்து மூழ்கிய தேவாலயம். அப்புறம் தங்கநிறக் கூந்தல் பெண், பனியில் காலடிகள். அதற்குப் பிறகு முதலிலிருந்து வரிசையாக ஓடவிடலாம். கிளேர் டு லூனை வேண்டுமென்றே தள்ளிப்போடச் சொல்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த மெட்டு என்பதால் அதை வைத்தே ஆல்பம் முழுவதையும் முடிவுகட்டிவிடுவார்கள். கோலிவாக் கேக்வாக் கடைசியில் இருக்கட்டும். அந்தப் பெயருக்குரிய பொம்மை கறுப்பின மக்களைக் கேலிசெய்யும் உருவம் என்று இன்று ஒதுக்கப்பட்டுவிட்டது. டெபுஸி தன் சின்ன மகளுக்காக 1908இல் வெளியிட்ட தொகுப்பில் அது வருகிறது. நடுவில் வாக்னரின் ஓபரா ஒன்றிலிருந்து நாலு சுரத்தை எடுத்து நக்கலடித்திருப்பார். நக்கல் புரியாமல் கேட்டால் வெறும் குறும்புச் சத்தமாகப் போய்விடும்.

ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு போங்கள்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்க முயன்றால் ஒன்றும் மிஞ்சாது. அரபெஸ்க்கில் அந்த விசிலை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் சற்றே வழுக்கிக்கொண்டு போகும். சுரத்தில் போய் நின்ற பிறகு, உடனே இல்லாமல் ஒரு கணம் தள்ளி, நடுக்கம் தொடங்கும். இந்த ‘ஒரு கணம் தள்ளி’ என்பதுதான் அதை மனிதராக்குகிறது. பாடகர் யாரும் சுரத்தைத் தொட்டவுடனே அசைக்க ஆரம்பிப்பதில்லை.

நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே செய்து பாருங்கள். கைப்பேசிக்கு இலவச சிந்தசைசர் ஆப்கள் நிறைய இருக்கின்றன. சைன் அலையை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டால் பழைய டிவியில் ஒளிபரப்பு தொடங்குமுன் வரும் ஊங் சத்தம் போல உயிரே இருக்காது. போர்ட்டமெண்டோவைக் கொஞ்சம் கூட்டுங்கள், வழுக்கல் வரும். எல்எஃப்ஓ என்ற திருகியால் சுரத்தை நொடிக்கு ஐந்து, ஆறு தடவை லேசாக அசையவிடுங்கள், ஆனால் அது தாமதமாகத் தொடங்கட்டும். ஒயிட் நாய்ஸ் என்ற உஸ்ஸென்ற இரைச்சலைத் துளியூண்டு கலந்து ஃபில்டரில் வடிகட்டினால் உதட்டிலிருந்து காற்று கசிவது போல இருக்கும். கடைசியாக எதிரொலி. பத்து நிமிடத்தில் ஒரு விசில்காரர் உங்கள் கையில் இருப்பார்.

இப்போது கஷ்டமான பகுதிக்கு வாருங்கள். அந்த மூக் சிந்தசைசரில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். மூன்று சுரக் கொத்து வேண்டுமென்றால் மூன்று தடவை தனித்தனியாக வாசித்து, நாடாவில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். டோனைச் சேமித்து வைக்க நினைவகம் கிடையாது. ஒயரைக் கழற்றினால் டோன் போச்சு. அறை சூடானால் சுருதி நகரும். நடுவில் ஒரு விரல் தடுமாறினால் அந்த வரியை மறுபடி. அவரிடம் இருந்தது ஆம்பெக்ஸ் பதினாறு தட நாடாக் கருவி. பதினாறும் நிரம்பினால் கலந்து இறக்கி இடம் பண்ணவேண்டும், இறக்கும்போதெல்லாம் கொஞ்சம் இரைச்சல் கூடும். கருவிகளை ஒன்றோடொன்று இணைத்து ஓட்டும் மிடி என்ற வசதி வந்தது 1983இல். உங்கள் ஆப்பில் மூன்று வரியை மட்டும் இப்படித் தனித்தனியாக அடுக்கிப் பாருங்கள். ஒரு வரி இம்மி முந்தினாலும் கொத்து உடைந்து கேட்கும்.

இதைச் செய்து பார்த்தவர்கள் உழைப்பைப் புகழ்ந்தே கருத்தை முடித்துவிடுகிறார்கள். அதுவும் போதாது. கஷ்டப்பட்டுச் செய்த மோசமான இசை உலகத்தில் எவ்வளவோ இருக்கிறது. உழைப்பு தெரிந்தால் ஒரு விஷயம் மட்டும் உறுதியாகும்: கேட்கும் எதுவும் தற்செயலாக வந்து விழுந்ததில்லை. விசில் அந்த இடத்தில் வழுக்குகிறது என்றால் வழுக்க வைத்திருக்கிறார்.

இன்னொரு தகவலும் உதவும். “எல்லாமே மூக்” என்று எழுதுகிறார்கள், அப்படி இல்லை. கூட்டுக்குரல் போலக் கேட்கும் இடங்களில் மெல்லோட்ரான் இருக்கிறது. அது வேறு சாதி; ஒவ்வொரு கட்டைக்கும் கீழே நிஜக் குரலோ வயலினோ பதிந்த ஒரு துண்டு நாடா, அழுத்தினால் எட்டு நொடி அளவுக்கு ஓடும். எனவே “மெஷின் மனிதக் குரலில் பாடுகிறது” என்று வியக்கும்போது ஜாக்கிரதை. பாடியது மனிதர்கள்தான், நாடா வழியாக.

மற்றவர்கள் சொல்வதை எடைபோடுவது

ஒரு கருத்தைப் படித்தாலோ கேட்டாலோ அவர் எந்த வாசல் வழியாக வந்தவர் என்று பாருங்கள். கருத்தின் பாதி அந்த வாசலில் இருக்கும்.

கிளாசிக்கல் வாசல் வழியாக வருபவருக்கு டெபுஸி சொந்தக்காரர். அவருக்கு இது அத்துமீறல். “பியானோவில் இருக்கும் நாசூக்கு போயிற்று” என்பார். சில இடங்களில் அது சரி. ஆனால் பாதி நேரம் அவர் டொமிட்டாவைக் கேட்கவே இல்லை, நினைவிலிருக்கும் பியானோவைத் தேடிக்கொண்டிருக்கிறார். டெபுஸிக்கும் ஜப்பானுக்கும் பழைய உறவு இருப்பதை அவருக்கு ஞாபகப்படுத்தலாம். 1905இல் டெபுஸியின் ‘லா மேர்’ (கடல்) இசைத்தாள் அச்சானபோது அட்டையில் போட்டது ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் அலை ஓவியத்தைத்தான்.

பிராக் ராக், அதாவது நீளமும் சிக்கலும் கொண்ட ராக் இசையின் வாசல் வழியாக வருபவர் எமர்சனையும் பிங்க் ஃபிளாய்டையும் கேட்டு வளர்ந்தவர். டிரம்ஸ் எங்கே, சோலோ எங்கே என்று தேடுவார். ‘புராக்ரஸிவ் எலக்ட்ரானிக்’ என்று பெயர் பார்த்து, ஜெர்மன் சிந்தசைசர்காரர்களான டேஞ்சரின் ட்ரீம், கிளவுஸ் ஷூல்ட்ஸே போல அரை மணி நேரம் தாளம் உருண்டுகொண்டே போகும் என்று எதிர்பார்த்து ஏமாறுவார். அவர் தேடுவது ஜப்பானில் வேறு இடத்தில் இருக்கிறது. ஷூல்ட்ஸே தயாரித்த ஃபார் ஈஸ்ட் ஃபேமிலி பேண்டின் பக்கம் அனுப்பிவையுங்கள். கிடாரோ அந்தக் குழுவில்தான் கீபோர்டு வாசித்தார். டொமிட்டாவை ஷூல்ட்ஸே இல்லையே என்று குறைசொல்வதில் நியாயம் இல்லை.

லேப்டாப்பில் பீட் போடும் பையன் ஒருவன் எங்கள் கூட்டத்துக்கு வருவான். “ஆம்பியன்ட் அண்ணா, தூங்கப் போகும்போது போடலாம்” என்பது அவன் தீர்ப்பு. பின்னணியில் சும்மா ஓடவிடும் இசை என்று அர்த்தம். ஆம்பியன்ட் என்ற பெயரை பிரையன் ஈனோ விமான நிலையங்களுக்கான தன் ஆல்பத்தோடு பரப்பியது 1978இல். அதற்கு நான்கு வருடம் முன்னால் வந்த இதில் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருப்பதில்லை, ஏதோ ஒன்று மின்னிக்கொண்டும் நகர்ந்துகொண்டும் இருக்கும். இதைப் போட்டுவிட்டு அவனால் தூங்க முடிகிறது என்றால் அது அவன் வயசு. அவனுக்கு நான் சொன்னது இதுதான்: டொமிட்டாவிடம் உதவியாளராக இருந்த ஹிடெகி மட்ஸுடாகே பிறகு யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஜப்பானிய எலக்ட்ரானிக் பாப் குழுவுக்கு ப்ரோக்ராம் செய்யப் போனார். நீ கேட்கும் சங்கதியின் தாத்தா வீடு இது.

சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் நண்பர் மூழ்கிய தேவாலயத்தைக் கேட்டுவிட்டு, “உச்சத்துல கோயில் மேலே வந்துடுச்சு, சரி. ஆனா மறுபடி கீழே போகும்போதுதான் நல்லா பண்ணியிருக்கார்” என்றார். எந்த இடம், என்ன நடந்தது, பிடித்ததா இல்லையா, மூன்றும் இரண்டு வாக்கியத்தில் வந்துவிட்டது. அந்த உருப்படி பிரிட்டனி கடற்கரையில் மூழ்கிய ஈஸ் நகரத்தின் கதை. தேவாலயம் அலைக்கு மேலே எழுந்து மறுபடி அமிழும். அமிழும் இடத்தில் பெரிய மெட்டு திரும்ப வரும்போது, முன்பு கேட்ட வரியின் எதிரொலி போல வாசிக்கும்படி டெபுஸி தாளில் எழுதிவைத்திருக்கிறார். பியானோக்காரர் அதை மெதுவாக வாசித்து, எதிரொலி என்று நம்மை நம்பவைக்கவேண்டும். டொமிட்டாவின் கையில் தூரமே ஒரு திருகி. நண்பர் பிடித்தது அந்த இடத்தை.

வயலின் வித்வான் ஒருவர் தங்கநிறக் கூந்தல் பெண்ணின் தொடக்கத்தைக் கேட்டுவிட்டு “மோகனம் எட்டிப் பார்க்குதே” என்றார். கீபோர்டில் வாசித்துப் பார்த்தேன். துணைக்கு ஒரு கொத்துகூட இல்லாமல் தனி மெட்டாக, கறுப்புக் கட்டைகளிலேயே இறங்கி ஏறுகிறது: ப க ஸ த, ஸ க ப. இதற்காக டெபுஸியை மோகனத்தில் அடைக்க வேண்டாம். அடுத்த நொடி கொத்துகள் வந்து ஆளையே மாற்றிவிடும். வித்வான் சொன்னதில் எனக்கு உபயோகப்பட்டது வேறு. தனிச் சுரமாக வரும் அந்தத் தொடக்கம், ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் வரும் கருவிக்கென்றே எழுதியது போல இருக்கிறது.

என் மனைவி எதைப் போட்டாலும் “கார்ட்டூன்” என்பாள். நண்பர்கள் சிரிப்பார்கள். சிங்கக்குட்டித் தொடருக்கு இசையமைத்தவர் என்று சொன்ன பிறகு அவளைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஒவ்வொரு குரலுக்கும் ஒரு முகம், ஒரு நடை கொடுப்பது அங்கே பழகிய கை.

உங்கள் கருத்தை எழுதும்போது

ஒரு உருப்படி, ஒரு இடம், அங்கே பியானோவில் என்ன, இங்கே என்ன, அதனால் லாபமா நட்டமா. இவ்வளவு போதும். நிமிடக் கணக்கைக் குறித்துக்கொண்டால் வாதம் வரும்போது போட்டுக் காட்டலாம். ஸ்டீரியோவா, நாலு ஸ்பீக்கருக்கான நாலு தடமா, எதில் கேட்டீர்கள் என்றும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மாதிரிக்கு என்னுடையதையே சொல்கிறேன். கிளேர் டு லூனில் எனக்கு நட்டம். அதன் தொடக்கத்தில் மெட்டு காற்றில் தொங்கிக்கொண்டு நிற்கும், சுரங்களுக்கு இடையில் மௌனம் இருக்கும். டொமிட்டா அந்த மௌனத்தில் ஏதாவது ஒன்றை மிதக்கவிட்டுக்கொண்டே இருக்கிறார். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் சர்க்கரை ஜாஸ்தி. பாஸ்பியே என்ற உருப்படியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மூலத்திலேயே சுரங்கள் குட்டையாகத் துள்ளுகின்றன, தேய்வதற்கே நேரம் இல்லாத இடத்தில் மூச்சு கொடுத்து என்ன ஆகப்போகிறது?

பனியில் காலடிகள் முழு லாபம். டெபுஸி இதில் இரண்டிரண்டு சுரமாகத் தடுக்கித் தடுக்கி நடக்கும் ஒரு சிறு அசைவை முதலிலிருந்து வைத்திருக்கிறார். இந்த அசைவு சோகமும் பனியும் நிறைந்த ஒரு நிலக்காட்சியின் பின்புலம் போல ஒலிக்கவேண்டும் என்று தாளில் குறிப்பும் உண்டு. பியானோவில் பின்புலம், முன்புலம் எல்லாமே ஒரே பெட்டியிலிருந்துதான் வரவேண்டும். வாசிப்பவர் விரல் பலத்தை மாற்றி ஏமாற்றுவார். இங்கே அந்த நடை உண்மையாகவே தள்ளிப் போய் நிற்கிறது, மெட்டு கிட்டே வருகிறது. டெபுஸி கேட்டதை அவருக்குக் கிடைக்காத கருவியில் ஒருவர் செய்து கொடுத்திருக்கிறார். இதற்கு மறுப்பு உண்டு என்பதும் தெரியும். அந்த ஏமாற்று வேலையில்தான் பியானோவின் ருசியே இருக்கிறது என்பார்கள். சொல்லட்டும், இடத்தைக் காட்டிச் சொன்னால் உட்கார்ந்து கேட்கத் தயார்.

தவிர்க்கவேண்டிய சொற்கள் சில: காலத்தை வென்றது, காலாவதியானது, ஆத்மா இருக்கிறது, ஆத்மா இல்லை. ஆத்மா என்று எழுத வந்தால் எழுதுங்கள், ஆனால் உடனே எந்த நிமிடத்தில் என்று போட்டுவிடுங்கள். போட முடியவில்லை என்றால் அடித்துவிடுங்கள்.

பழைய தட்டாக வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்டையில் குவாட்ராடிஸ்க் என்று இருந்தால் அது சிடி-4 முறையில் வந்த நாலு தட வடிவம். அதற்கென்று தனி முள்ளும் பிரித்துக் கொடுக்கும் கருவியும் வேண்டும். சாதாரண பிளேயரில் போட்டால் ஸ்டீரியோவாகப் பாடும், அவ்வளவுதான். நாலு தடம் கேட்கும் ஆசை இருந்தால், பிறகு ஜப்பானில் வந்த சரவுண்ட் எஸ்ஏசிடியை (உயர்தர சிடி வகை) தேடுவது சுலபம். ஸ்டீரியோவில் மட்டும் கேட்டுவிட்டு “நகர்வு குறைவு” என்று எழுதுவது நியாயம் ஆகாது.

இது முடிந்ததும் அடுத்தது என்ன என்று கேட்பார்கள். ‘தி பிளானெட்ஸ்’ என்ற 1976 ஆல்பத்துக்கு உடனே ஓடவேண்டாம். ராக்கெட் கிளம்பும் காட்சியெல்லாம் வைத்து வேடிக்கையாக இருக்கும், மூலத்தை எழுதிய ஹோல்ஸ்டின் மகள் இமோஜன் ஹோல்ஸ்ட் எதிர்த்த கதையும் சுவாரசியம்தான். ஆனால் மூலமே ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதியது. அங்கே சத்தத்துக்கு மூச்சு ஏற்கனவே இருக்கிறது, மேலே சொன்ன கேள்வி செல்லாது. 1975இல் வந்த ‘பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்’ எடுத்துக்கொள்ளுங்கள். முஸோர்க்ஸ்கி அதை, ஒரு ஓவியத்துக்கு ஒரு பகுதி என்று, 1874இல் பியானோவுக்கு எழுதினார், ராவெல் 1922இல் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார், டொமிட்டா இரண்டையும் தாண்டி மூன்றாவதாக வருகிறார். மூன்றையும் அதே வரிசையில், ஒவ்வொரு படமாகப் பிரித்துக் கேளுங்கள். முட்டை ஓட்டை உடைத்து வெளியே வராத கோழிக்குஞ்சுகள் நடனமாடும் படத்தில் தொடங்கினால் மூன்றும் சேர்ந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.